தகட்டூசி

மாதேஸ்வரிக்குக் கழுத்து திரும்பியது பதினேழு வயதில். அதற்கு முன் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பாள். நொச்சிக்குட்டையில் அவள் வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, மடங்காத முதுகு, நடந்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் முழங்கால். எல்லாம் தண்ணீரால் வந்தது. அந்தப் பக்கத்துப் பாறையில் புளோரைடு உண்டு. ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவுக்கு அது தண்ணீரில் கூடியது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் மருந்து வந்துவிட்டது.

மருந்தோடு வந்தவர் டாக்டர் இம்தியாஸ். வாணியம்பாடிக்காரர். அப்போது முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். யாராவது காய்ச்சல் என்று கையை நீட்டினால் சிரிப்பார். தான் வைத்தியம் படித்த டாக்டர் இல்லை, படிகங்களைப் பற்றிப் படித்த டாக்டர் என்பார். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் பேசிய முதல் நாள் அவர் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் அவல் இருந்தது, மற்றதில் சேமியா.

"நம்ம எலும்புக்குள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து பொடிப்பொடியா படிகமா உக்காந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. நல்ல எலும்புல அது அவல் மாதிரி மெல்லிசா, தட்டையா இருக்கும். அதனாலதான் எலும்பு கொஞ்சம் வளைஞ்சு குடுக்குது. உங்க ஊர்த் தண்ணியில இருக்கிற புளோரைடு உள்ள போனா அவல் சேமியா ஆயிடும். நீளமா, தடிமனா, ஊசி ஊசியா வளரும். எலும்பு கனக்கும், ஆனா சட்டுனு உடையும். முதுகெலும்பெல்லாம் ஒட்டிக்கிட்டு இறுகிடும். சரக்கு ஒண்ணுதான். வடிவம்தான் வேற."

அவருடைய மருந்து அந்த ஊசிப் படிகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அதே சரக்கைத் தகடாக மறுபடி வளர்த்தது. மருந்து போய்ப் படிகத்தின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். நீள முடியாத படிகம் அகலத்தில் பரவும். சொல்வதற்குச் சுலபம்தான். அதற்காக மாதேஸ்வரி அவர் நடத்திய மருந்து மையத்தில் மாதக்கணக்கில் ஒரே கட்டிலில், உடம்பளவுக்குச் செய்த அச்சுக்குள் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. பழைய படிகம் கரைந்து புதியது இறுகும் வரைக்கும் எலும்பு இளசாக இருக்கும். இருமினால் விலா முறியும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பவுனு என்ற பெண் கூரையைப் பார்த்தபடியே கதை சொல்லிச் சிரிக்க வைப்பாள். சிரிக்க வைக்காதே என்று நர்சுகள் அவளைத் திட்டுவார்கள்.

எழுந்து உட்கார்ந்த அன்று மாதேஸ்வரி முதலில் செய்தது வலப்பக்கம் திரும்பிப் பவுனுவைப் பார்த்ததுதான். பவுனு இடப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தாள். மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார்கள்.

அந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்றார்கள். மாதம் ஒரு முறை, ஆயுசுக்கும். நிறுத்தினால் தகடு மறுபடி ஊசியாகிவிடும். ஊசியாகாமல் இருக்க ஓர் ஊசியா என்று பவுனு கேட்டாள். அவள்தான் அதற்குத் தகட்டூசி என்று பெயர் வைத்தாள். போட்டுக்கொண்ட அன்றைக்கும் மறுநாளும் காய்ச்சல் அடிக்கும், வாந்தி வரும், வாய் இரும்பாய்க் கசக்கும். மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போகலாம். யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. முன்பு இருந்த இருப்புக்கு இது எவ்வளவோ மேல்.

ஒருவர் மட்டும் நிறுத்தினார். திம்மராயன் என்று, ஊருக்கு மேற்கே பாறைக்காட்டில் இருந்தவர். காய்ச்சல் தாங்க முடியவில்லை என்று இரண்டு வருசம் மையத்துப் பக்கமே வரவில்லை. கடைசியில் மகன் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் உடம்பு நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே இறுகியிருந்தது. படுக்க வைக்க முடியாமல் உட்கார வைத்தபடியே வைத்தியம் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊசி நாளன்று யாரும் தவறியதில்லை.

பெண்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பிள்ளை பெற்றுக்கொள்ளக் கூடாது. அது ஏன் என்று அப்போது மாதேஸ்வரி கேட்கவில்லை. பதினேழு வயதில், கழுத்து திரும்பிய சந்தோஷத்தில், அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தக்காளிக் கூடைகளைத் தோட்டந்தோட்டமாக ஏற்றிப் பாலக்கோடு மண்டிக்குக் கொண்டுபோகும் மின்வண்டி. பவுனு அதே மண்டியில் ஏலம் கூவினாள். ஆண்கள் கூவும் வேலை அது. அவள் குரலுக்கு முன்னால் மற்றவர்கள் எடுபடவில்லை. சில வருசம் கழித்து ஆற்றுத் தண்ணீரும் ஒருவழியாகக் குழாயில் வந்தது. ஊர் ஆழ்துளைக் கிணற்றை மூடிக் கான்கிரீட் போட்டார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது.

மாதேஸ்வரி சென்னகேசவனைக் கட்டிக்கொண்டாள். பட்டுப்புழு வளர்ப்பவன், அதிகம் பேசாதவன். நிபந்தனையைப் பெண் பார்க்க வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள். புழுவுக்கு இலை போடுவதற்கே பொழுது சரியாக இருக்கிறது, பிள்ளைக்கு எங்கே போவது என்று அவன் பதில் சொன்னான். சொன்னபடியே இருந்தான். அவன் அக்காமார் கேட்டதற்கெல்லாம் அவனே முன்வந்து ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தான்.

முப்பதைத் தாண்டிய பிறகு, எல்லா முன்னேற்பாட்டையும் மீறி, அது நடந்தது.

ஊசி போடுமுன் மையத்தில் எப்போதும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அன்று நர்ஸ் ஊசி மருந்தைத் தட்டோடு திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இம்தியாஸே வந்தார். அவருக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொல்லி, மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். மாதேஸ்வரிக்கு முதலில் புரிந்தது வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பது மட்டும்தான். மீதியை அவள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினாள்.

"ஊசியத் தொடர்ந்து போட்டா?"

"மருந்து குழந்தைக்கும் போகும். குழந்தையோட எலும்பு தினமும் நீளணும், மாதேஸ்வரி. இந்த மருந்தோட வேலையே படிகத்த நீள விடாம பண்றது."

"நிறுத்திட்டா?"

திம்மராயனை இரண்டு பேருமே பார்த்திருந்தார்கள்.

மூன்றாவது ஒரு பயமும் அவருக்கு இருந்தது. வயிற்றில் பிள்ளை வளர்ந்தால் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து பிள்ளைக்குப் போகும். பாலிலும் போகும். இவள் எலும்பில் இருப்பதோ செய்து வைத்த படிகம், கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்து. அது கரையுமா, கரைந்தால் பிள்ளை உடம்பில் போய் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் பெற்றுப் பார்த்ததில்லை. கலைத்துவிடுவதுதான் நல்லது என்றார். தன் சொந்தத் தங்கையாக இருந்தாலும் இதையே சொல்வேன் என்றார்.

சென்னகேசவனும் அதையேதான் சொன்னான். அவன் முசுக்கொட்டை இலை நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நீ நடமாட வேண்டும், எனக்கு அது போதும் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மாதேஸ்வரி அன்றும் மறுநாளும் வழக்கம்போல வண்டி ஓட்டினாள். மூன்றாம் நாள் காலையில் இலைக் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, இந்த ஒடம்புல எலும்பு அவங்க செஞ்சது. கழுத்து அவங்க குடுத்தது. நான் நிக்கிறது, குனியறது எல்லாமே அந்த மையத்துக்காரங்க போட்ட அளவு. இது ஒண்ணுதான் யாரும் சொல்லாம எனக்குள்ள தானா வந்திருக்குது. இத எடுத்துட்டு நடமாடி நான் என்ன பண்றது?"

அவன் குனிந்து இலைக் கட்டின் முடிச்சை அவிழ்த்தான். பிறகு, அப்படியென்றால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது மாதத்திலேயே மணிக்கட்டு வலித்தது. ஐந்தாவது மாதம் இடுப்பில் வலி. ஒவ்வொரு வலிக்கும் மாதேஸ்வரி படுக்கையில் உட்கார்ந்து கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். திரும்பியது. சென்னகேசவன் அதைப் பார்க்காதது போல இருப்பான். ஆனால் அவள் திருப்புகிற நேரமெல்லாம் அவன் கை வேலை நின்றுவிடும். இம்தியாஸ் வாரம் தவறாமல் அவளைப் பரிசோதித்தார். குழந்தை இருப்பதால் கதிர்ப்படம் அதிகம் எடுக்க முடியாது. ரத்தத்தையும் சிறுநீரையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. எலும்பு கரைகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. எது கரைகிறது, அந்த இடத்தில் எது வளர்கிறது என்று தெரியவில்லை.

பவுனுதான் பக்கத்தில் நின்றாள். வண்டி மண்டிக்கு வந்ததும் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கூடைகளை இறக்குவாள். ஒரு கூடையைக்கூட மாதேஸ்வரியைத் தொடவிடமாட்டாள். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். வயிற்றில் கை வைத்து உதை பார்ப்பாள். தனக்கில்லாததை இவளிடம் தேடுகிறாள் என்று மாதேஸ்வரிக்குத் தோன்றும். அதைக் கேட்டுவிட வாய் வராது.

எட்டாம் மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மண்டியில் நசுங்கிக் கிடந்த தக்காளியில் கால் வழுக்கியது. வயிறு தரையில் படாமல் மாதேஸ்வரி இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டுக்கு மேலே கை முறிந்தது. சுற்றி நின்றவர்களுக்கே சத்தம் கேட்டது. வலிக்கும் முன்னால் வந்தது பயம்தான். ஊசிப் படிகம் வந்தால் எலும்பு சட்டென்று உடையும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. பவுனு அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து மாதேஸ்வரி பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் கையைத் திறந்து எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். முறிந்த இடத்தில் தனியாக வந்துவிட்ட ஒரு சின்னத் துணுக்கை, அரிசி அளவுகூட இருக்காது, இம்தியாஸ் கேட்டு வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போனார். அதை நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார். அவர் போன வேகத்தைப் பார்த்த சென்னகேசவன் வாசல் வரை அவர் பின்னாலேயே போய்விட்டுத் திரும்பினான்.

அவர் திரும்பி வருவதற்குள் பிரசவ வலி வந்துவிட்டது. நாள் நெருங்காமலேயே, விழுந்த அதிர்ச்சியில் வந்த வலி. அறுவை செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு. எடுத்த கையோடு அழுதது. அந்த அழுகை நல்ல அழுகையா கெட்ட அழுகையா என்று தெரியாமல் மாதேஸ்வரி டாக்டர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழந்தையின் கையையும் காலையும் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். கொண்டுவரும் வரைக்கும் அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எலும்பு டாக்டரம்மா திரும்பி வந்து, குறைமாதக் குழந்தைக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது, நீளவேண்டிய இடமெல்லாம் திறந்தே இருக்கிறது என்று சொன்னபோது சென்னகேசவன் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

இம்தியாஸ் அடுத்த நாள் மத்தியானம் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, சவரம் செய்திருக்கவில்லை. குழந்தையைக் குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த திரையை மாதேஸ்வரியிடம் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி சிதறிக் கிடப்பது போல இருந்தது.

"இது உங்க கை எலும்பு. மூணு தடவ வேற வேற எடத்துல வெட்டிப் பார்த்தேன். ஊசி இல்ல."

"அப்ப தகடு அப்படியே இருக்குதா?"

"இல்ல. நாங்க போட்ட தகடும் இல்ல. அது பெருசா, ஒரே அளவா இருக்கும். அது அங்கங்க கொஞ்சம் மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்."

"அப்புறம் என்னதான் சார் இருக்குது?"

"எலும்பு," என்றார் அவர். "சாதாரண மனுஷ எலும்பு. சின்னச் சின்னத் தகடு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம. என் எலும்புல இருக்கிற மாதிரி. நீங்களா வளர்த்துக்கிட்டது."

மாதேஸ்வரி விளங்காமல் பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். எந்த மனிதனுக்கும் எலும்பு ஓயாமல் தின்னப்பட்டு ஓயாமல் புதிதாகக் கட்டப்படும். அதற்கென்றே உடம்பில் ஆட்கள் இருப்பது போலச் செல்கள் இருக்கின்றன. மருந்து ஒட்டிய தகட்டை அவற்றால் தின்ன முடியாது. மாதாமாதம் ஊசி போட்டுப் போட்டு அந்த வேலையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த முறை ஊசி இல்லாததால் பழைய மருந்தும் மெல்லக் கழன்று சிறுநீரில் போய்விட்டது, பிள்ளைக்குக் கால்சியமும் வேண்டும். தின்னும் செல்கள் பசியெடுத்த மாதிரி புகுந்து பழையதை அரித்துவிட்டன. அந்த இடத்தில் உடம்பு தன் வழக்கப்படி புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி முடியாத நேரத்தில் விழுந்ததால் கை முறிந்தது. வேறொன்றும் இல்லை.

"அப்ப திம்மராயன் அண்ணன்?"

அவர் திரையை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் கடைசி வரைக்கும் குடிச்சது போர் தண்ணி. அவர் போனப்புறம்தான் குழாய் வந்தது. புளோரைடு இல்லன்னா ஊசிப் படிகம் வளர வழியே இல்ல. தண்ணி மாறின அன்னிக்கே, தகட்டூசி இன்னும் தேவையான்னு நாங்க கேட்டிருக்கணும். அவர் உக்காந்திருந்த கோலத்தப் பார்த்தப்புறம் யாருக்கும் அதக் கேக்கத் தைரியம் வரல. எனக்கும் வரல."

மாதேஸ்வரிக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. குழந்தை பாலுக்கு அழுதது. பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாகக் கொடுங்கள் என்றார். அன்று அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

ஆனாலும் ஒருத்திக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை. முதலில் ஆண்களில் சிலரைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஊசியை நிறுத்தினார். மாதாமாதம் படம் எடுத்துப் பார்த்தார். பிள்ளை வயிற்றில் இல்லாததால் அவர்களுக்கு மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அதேதான் நடந்தது. யார் உடம்பிலும் ஊசிப் படிகம் தலைகாட்டவில்லை. குழந்தைக்கு அகல்யா என்று பெயர் வைத்து, அவள் தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கும் வரைக்கும் அவர் பொறுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் எல்லாரையும் மையத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

கூட்டத்துக்கு முந்திய நாட்களில் மாதேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். பவுனுவுக்குத் தெரியாது. உறுதியாகும் வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், வீண் ஆசை காட்டியதாகிவிடும் என்று இம்தியாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் வந்த மறு வருசம் பவுனுவுக்கு இருசப்பன் என்ற லேத்துப் பட்டறைக்காரனோடு நிச்சயம் வரை வந்து நின்றுபோனது. ஊசிதான் காரணம் என்று ஊரே சொன்னது. பிள்ளை பெறாத பெண் எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு பவுனு கல்யாணப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. அவளிடம் போய், அந்த ஊசி அப்போதே தேவையில்லாமல் போயிருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

கூட்டத்தில் இம்தியாஸ் நின்றுகொண்டே பேசினார். நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. அவலையும் சேமியாவையும் இந்த முறை கொண்டுவரவில்லை. இன்றோடு தகட்டூசி யாருக்கும் கிடையாது என்றும், ஏன் கிடையாது என்றும், அதை எத்தனையோ வருசம் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த சாலம்மாள் எழுந்தாள். மாதேஸ்வரியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"எங்கூட்டுக்காரர் புள்ள இல்லன்னு வேற ஒருத்தியக் கட்டிக்கினு போயிட்டார். அவங்க புள்ள இப்ப ஸ்கூல் போவுது. இத நான் யார் கிட்ட போயி கேக்கறது, சார்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். இம்தியாஸ் அவளையே பார்த்தார். அதைத் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். சாலம்மாள், இனிமேல் அந்தக் காய்ச்சல் வராதா என்று கேட்டாள். வராது என்றார். வாய்க்கசப்பு? அதுவும் வராது. அதுவாவது மிச்சம் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். அவள் பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கூடத்தில் பேச்சு எழுந்தது. சிலர் அழுதார்கள். சிலர் எழுந்து போனார்கள். பெரும்பாலானவர்கள் மாதத்தில் இரண்டு நாள் தங்கள் கைக்குத் திரும்பி வந்ததைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் இனிமேல் பௌர்ணமிக்கு மலையேறுவேன் என்றார். புதிதாகக் கல்யாணமான இரண்டு பெண்கள் கதவோரம் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச்சில்லாமல் சிரித்தார்கள். மாதேஸ்வரி பவுனுவைத் தேடினாள். அவள் பின்வரிசையில் அகல்யாவை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை தன் வளையல்களைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது பவுனுவும் அகல்யாவும் மாதேஸ்வரியின் வண்டியில் வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. பவுனு குழந்தைக்குத் தோப்பைக் காட்டிக்கொண்டு வந்தாள். மாதேஸ்வரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள்.

தனக்கு இது முன்பே தெரியும் என்று சொன்னாள். சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கச் சொன்னாள். இருசப்பன் பெயரையும் சொல்லிவிட்டாள். அந்த ஊசி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் உன் மடியிலும் உன் பிள்ளையே இருந்திருக்கும் என்று சொல்லும்போது அவள் பவுனுவைப் பார்க்கவில்லை.

பவுனு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு, இருசப்பனா? அவன் குடிச்சிட்டு வந்து பெத்த அம்மாவையே போட்டு அடிப்பான்டி. எங்கப்பன் அவனுக்குத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. என்ன சொல்லியும் கேக்கல. கடைசில நான்தான் அவங்க வூட்டு ஆளுங்க நடுவுல போயி நின்னுக்கினு, நான் ஊசி போட்டுக்கறவ, எனக்குப் புள்ள பொறக்காதுன்னு சொன்னேன். தட்ட எடுத்துக்கினு எழுந்தவங்கதான். திரும்பிப் பாக்கல."

மாதேஸ்வரி இருக்கையில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறமும் நாலஞ்சு பேரு வந்தாங்க," என்றாள் பவுனு. "எல்லாத்துக்கும் அதே பதில்தான். எனக்கு மண்டியும் என் குரலும் போதும்டி. ஆனா நம்மூர்ல ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னா யார் உடறாங்க? டாக்டர் வேணாம்னு சொன்னா உட்டுடறாங்க."

"அப்ப ஏன்டி அங்க மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு உக்காந்திருந்த?"

"ரோசன பண்ணிக்கினு இருந்தேன்," என்றாள் பவுனு. "இனிமே எவனாவது பொண்ணு கேட்டு வந்தா என்ன காரணம் சொல்றதுன்னு."

மாதேஸ்வரி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தது நிற்கவில்லை. பவுனுவுக்கும் தொற்றிக்கொண்டது. ஏதென்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது. பின்னால் வந்த டவுன்பஸ்காரர் ஹாரனை அடித்து, வண்டி பழுதா என்று எட்டிப் பார்த்துக் கேட்டார். ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று இரண்டு பெண்களும் கையசைத்து அவரை அனுப்பிவைத்தார்கள்.